தம்பி, லைற் எரியுது!

யாழ்ப்பாணத்து வீதிகளில் ஒரு சைகை உண்டு. எதிரே வருபவர் சைக்கிள் கைப்பிடியிலிருந்து ஒரு கையை எடுத்து, ஐந்து விரல்களையும் குவித்து விரித்துக் காட்டுவார். இரண்டு, மூன்று தடவை. அவர் நமக்கு முன்பின் தெரியாதவராக இருப்பார். சைகையின் பொருள்: 'உம்முடைய வாகனத்தின் முன்விளக்கு பகலில் வீணாக எரிகிறது, நூர்த்துவிடும்.' சந்தியில் நிற்க நேர்ந்தால் பக்கத்தில் நிற்பவர் வாய் திறந்தே சொல்வார். "தம்பி, லைற் எரியுது!" என் தலைமயிர் நரைத்த பிறகு அது "ஐயா, லைற் எரியுது!" என்று மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

கடந்த பல ஆண்டுகளாக நான் பகலிலும் முன்விளக்கை எரியவிட்டே கார் ஓட்டுகிறேன். ஒருநாள் யாழ்ப்பாணத்திலிருந்து நெல்லியடி போய்ச் சேர்வதற்குள் எத்தனை பேர் இப்படிக் கையை விரித்துக் காட்டுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். பதினான்கு பேர். பிறருடைய பற்றறி இறங்கிவிடுமே என்று கவலைப்படுகிற மனிதர்கள் இன்னும் இந்த மண்ணில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது ஒருவகையில் மகிழ்ச்சிக்குரிய செய்திதான். நானும் தலையை அசைத்து நன்றி சொல்லிக்கொள்வேன். ஆனால் விளக்கை நூர்ப்பதில்லை. அதற்கான காரணத்தைச் சொல்லவேண்டுமானால், எனக்கு அதிகம் பெருமை தராத ஒரு சம்பவத்தை எழுதியாக வேண்டும்.

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் நான். எங்கள் ஊர்ப் பத்திரிகைகளில் 'வீதி விபத்தில் குடும்பஸ்தர் பலி' என்ற தலைப்பு நாளாந்தச் சந்திப்பெழுத்துப் போட்டி போல நிரந்தரமானது. பெயர், வயது, ஊர், 'இரண்டு பிள்ளைகளின் தந்தை' என்ற ஒரு வரி, வைத்தியசாலையில் சடலம் ஒப்படைக்கப்பட்ட தகவல். இவற்றை இட்டு நிரப்பினால் செய்தி முடிந்தது. அப்படி எத்தனை செய்திகளை நானே எழுதியிருப்பேன், எத்தனையைத் திருத்தி அச்சுக்கு அனுப்பியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. மோதிய வாகனத்தின் சாரதி பொலிசாரிடம் சொல்வதும் பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: "வந்ததைக் காணேல்லை." இதை எழுதும்போதெல்லாம் மனதுக்குள் சிரித்திருக்கிறேன். பட்டப்பகலில், எட்டடி அகல வாகனத்தின் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு எதிரே வந்த மனிதனைக் காணவில்லையாம்! பொய் சொல்வதற்கும் ஓர் அளவு வேண்டாமா?

2014ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு காலை, அதே வாக்கியத்தை நானே பொலிசாரிடம் சொன்னேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதியால் போய்க்கொண்டிருந்தேன். கோப்பாய், நீர்வேலி தாண்டிப் புத்தூர்ச் சந்தியில் வலப்புறம் திரும்பி மீசாலைப் பக்கம் போக வேண்டும். நேரம் காலை ஏழு மணி. அந்தப் பாதையை அறிந்தவர்களுக்குத் தெரியும், அது வடகிழக்கை நோக்கிச் செல்வது. ஆனி மாதத்துச் சூரியனும் வடக்கே சாய்ந்து உதிப்பதால் காலையில் வெயில் நேரே கண்ணில் குத்தும். வேகத்தைக் குறைத்தேன், சிக்னல் போட்டேன், எதிரே பார்த்தேன். இதை அழுத்திச் சொல்கிறேன்: பார்த்தேன். வீதி வெறுமையாக இருந்தது. திரும்பினேன். அடுத்த கணம் இடப்பக்க முன்கதவில் இடி விழுந்தது போல் ஒரு சத்தம்.

வல்லைப் பக்கமிருந்து வந்த மோட்டார் சைக்கிள். கறுப்பு வண்டி, கறுப்புத் தலைக்கவசம், பின்னால் சூரியன். உயர்தரப் பரீட்சை எழுதியிருந்த பையன். ஒரு காலில் இரண்டு இடங்களில் முறிவு. சந்தியில் நின்றவர்கள் ஓடி வந்து தூக்கி, ஓட்டோ ஒன்றில் ஏற்றினார்கள். என்னைத் திட்டியவர்களும் இருந்தார்கள். அது நியாயம்தான். பிழை முழுக்க என்னுடையது. பின்னர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலடியில் நின்ற அவனுடைய தாயார் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் என்ன சொல்வதென்று தெரியாமல், அதே வாக்கியத்தைத்தான் மீண்டும் சொன்னேன். "தம்பி, சத்தியமாக நான் உம்மைக் காணேல்லை." அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "நான் உங்களைக் கண்டனான் அங்கிள். நீங்களும் என்னைக் கண்டிருப்பியள் எண்டு நினைச்சுத்தான் வந்தனான்."

அவன் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான். எனக்கோ அன்றிரவு நித்திரை வரவில்லை.

தமிழில் பார்ப்பதற்கும் காண்பதற்கும் வித்தியாசம் உண்டு. பார்ப்பது கண்ணின் வேலை, காண்பது மூளையின் வேலை என்று சொல்லலாம். வீதிப் பாதுகாப்பு ஆய்வாளர்களும், பார்த்தும் காணாமல் போவதைத் தனி வகை விபத்தாகவே கருதுகிறார்கள். சந்தியில் திரும்பும் சாரதி ஓரிரு கணங்கள்தான் எதிரே பார்க்கிறான். அந்தக் கணத்தில் அவனது மூளை தேடுவது காரையும் பஸ்சையும் லொறியையும். மோட்டார் சைக்கிளின் முன்தோற்றம் ஒடுக்கமானது. தூரத்தில் அது ஒரு கோடு மாதிரி. பனை நிழலும் வெயிலும் மாறிமாறி விழும் வீதியில் அந்தக் கோடு நிழலோடு நிழலாகப் போய்விடுகிறது. வருவது தெரிந்தாலும் என்ன வேகத்தில் வருகிறது என்று மட்டிட முடிவதில்லை. ஒரு பொருள் கண்ணில் எவ்வளவு விரைவாகப் பெரிதாகிறது என்பதை வைத்துத்தான் நாம் வேகத்தை ஊகிக்கிறோம். ஒடுக்கமான பொருள் கடைசிக் கணம் வரை பெரிதாவதில்லை. முன்விளக்கு எரிந்தால் கதை வேறு. வெளிச்சப்புள்ளி மூளையைத் தட்டி எழுப்புகிறது. பகல் விளக்கின் தத்துவம் இவ்வளவுதான். நாம் வீதியைப் பார்ப்பதற்காக அல்ல, வீதியிலுள்ளவர்கள் நம்மைக் காண்பதற்காக எரிவது அது.

இதை நான் முதன்முதலில் கண்டது ஸ்காபரோவில். 2008இல் ரொறன்ரோவுக்குப் போயிருந்தபோது விமான நிலையத்துக்கு வந்த மச்சானின் காரில் ஏறியதும், "மச்சான், லைற் எரியுது, பற்றறி இறங்கப் போகுது" என்றேன். அவன் சிரித்தான். "அது நிக்காது. நிப்பாட்டவும் ஏலாது." கனடாவில் 1989 டிசம்பர் முதலாம் திகதிக்குப் பின் விற்பனைக்கென உற்பத்தியான ஒவ்வொரு காரிலும் இயந்திரத்தை இயக்கியவுடன் தானாக எரியும் பகல் விளக்கு இருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு முன்பே பின்லாந்திலும் சுவீடனிலும் இது வந்துவிட்டது. சுவீடன் 1977இல் எல்லா வாகனங்களுக்கும் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2011 பெப்ரவரியிலிருந்து புதிய வகைக் கார்களில் கட்டாயமாக்கியது. இங்கிலாந்திலும் பிரான்சிலும் ஜேர்மனியிலும் இருந்து இதை வாசிப்பவர்கள் வாசலில் நிற்கும் தங்கள் காரை எட்டிப் பார்த்தாலே போதும்.

சரி, அது குளிர் தேசத்துக் கதை, அங்கே மாரியில் பகலும் அரை இருட்டு, இங்கே கொளுத்துகிற வெயிலில் விளக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கேள்வியில் நியாயம் இருக்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகத்தான் பகல் விளக்கின் பயன் கூடுகிறது என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2008இல் வெளியிட்ட ஆய்வோ, கார்களின் பகல் விளக்கால் மொத்தத்தில் குறிப்பிடத்தக்க பலன் தென்படவில்லை என்றே முடித்தது. அமெரிக்காவில் இன்றுவரை அது கட்டாயமில்லை.

ஆனால் மலேசியாவைப் பாருங்கள். எங்கள் பாட்டன்மார் 'மலாயன் பென்சன்' எடுத்த நாடு. நிலநடுக்கோட்டுக்கு எங்களைவிட அருகில் இருப்பது. வெயிலுக்கு அங்கே குறைவில்லை. 1992இல் அங்கே மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கை எரிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 'காணவில்லை' என்ற காரணத்தால் நிகழும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் ஏறத்தாழ 29 வீதம் குறைந்ததாக அந்நாட்டு ஆய்வாளர்கள் பின்னர் கண்டார்கள். இந்தியாவிலும் 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் முன்விளக்கு தானாகவே எரிகிறது. அணைக்கும் ஆளியே கிடையாது. ஆக, வெயில் தேசத்தில் கார் விளக்கின் பயன் பற்றி வாதம் இருக்கலாம், மோட்டார் சைக்கிள் விளக்கின் பயன் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. புத்தூர்ச் சந்தியில் அந்தப் பையனின் விளக்கு எரிந்திருந்தால் நான் பிரேக்கை மிதித்திருப்பேன்.

ஆனால் யாழ்ப்பாணத்தானிடம் போய் 'பகலில் விளக்கை எரி' என்று சொல்வதில் வேறொரு சிக்கல் இருக்கிறது. வெளிச்சம் என்றால் ஆபத்து என்று பழகிய சனம் நாங்கள்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோலும் பற்றறியும் தடை செய்யப்பட்ட பொருட்கள். பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை நாலு சொட்டுப் பெற்றோலில் உசுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். டைனமோ விளக்கு எரிப்பதற்கானது என்பதே மறந்து போயிற்று! (என் சிறுவயதில் விளக்கில்லாமல் சைக்கிள் ஓடினால் பொலிஸ் பிடிக்கும். அந்தப் பயத்துக்காகவே என் தகப்பனார் ஒரு சிறிய விளக்கைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார்.) நான் நிருபராகச் சேர்ந்த புதிதில், கோடிட்ட கொப்பித் தாள்களிலும் பத்திரிகை அச்சான காலம் அது.

1993இல் கிளாலிப் பாதையால் ஒருமுறை போனேன். வெளியுலகத்துக்குப் போக எஞ்சியிருந்த ஒரே வழி அந்தக் கடல்நீரேரிதான். அதுவும் இரவில், படகில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. துறைக்குப் போகும் உழவு இயந்திரப் பெட்டியில் இருபது பேர்வரை இருந்தோம். சாரதி முன்விளக்கின் மேல் கறுப்புத் தாளை ஒட்டி, நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் மட்டும் விட்டிருந்தார். தூரத்தில் ஹெலியின் சத்தம் கேட்டதும் பெட்டியிலிருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்: "லைற்றை நூர், லைற்றை நூர்!" கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண், விளக்கு நூர்ந்த பிறகும் அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஸ்காபரோ மச்சானும் அதே ஆண்டில் அதே வழியால்தான் போனவன். கனடாவுக்குப் போன முதல் மாதங்களில் இரவில் கார் விளக்குகள் வரிசையாக வருவதைக் கண்டால் நெஞ்சு படபடக்கும் என்று அவன் என்னிடம் சொன்னான்.

1996க்குப் பிறகு குடாநாடு இராணுவத்தின் கையில். அப்போது வேறொரு பாடம். சோதனைச்சாவடியை நெருங்கும்போது முன்விளக்கை நூர்த்து, உள்விளக்கைப் போட வேண்டும். எங்கள் கண்ணுக்கு வீதி தெரியக்கூடாது, அவர்கள் கண்ணுக்கு எங்கள் முகம் தெரிய வேண்டும். மறந்துபோய் முன்விளக்கோடு போய் நின்றால் என்ன நடக்கும் என்பதை எழுத வேண்டியதில்லை. பகலில் முன்விளக்கு எரிய வருகிற வாகனம் என்றால் அது இராணுவத் தொடரணி. சைக்கிளை விட்டு இறங்கி, வேலியோரமாக ஒதுங்கி, அது போகும்வரை நிற்க வேண்டும். பகல் விளக்குக்கு எங்கள் அகராதியில் 'விலகு' என்றே பொருள் இருந்தது. இன்றும் என் கார் விளக்கெரிய வருவதைக் கண்டு சைக்கிளை ஓரங்கட்டி நிறுத்திவிடுகிற முதியவர்கள் உண்டு. அந்த நேரத்தில் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

இருட்டு எங்களைக் காப்பாற்றியது என்பது உண்மை. ஆனால் இருட்டு தன் பங்கை எடுத்துக்கொள்ளாமல் விடுவதில்லை. 1939 செப்டம்பரில் ஜேர்மன் விமானங்களுக்குப் பயந்து பிரித்தானியா இருட்டடிப்பை அமுல்படுத்தியபோது, ஒரு குண்டும் விழுவதற்கு முன்பே வீதி மரணங்கள் ஏறக்குறைய இரு மடங்காகின. எங்கள் இருட்டில் விழுந்து அடிபட்டவர்களை யாரும் எண்ணவில்லை. எண்ணுவதற்கு வேறு மரணங்கள் இருந்தன.

2009க்குப் பின் வீதிகள் காப்பெற் விரித்ததுபோல் ஆயின. லீசிங் கொம்பனிகள் வந்தன. வீட்டுக்கொரு மோட்டார் சைக்கிள் வந்தது. வல்லை வெளியில் முன்பு பள்ளத்துக்குப் பள்ளம் ஏறி இறங்கிய வாகனங்கள் இப்போது கானல்நீரைக் கிழித்துக்கொண்டு பறக்கின்றன. இலங்கை முழுவதிலும் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் வீதியில் சாகிறார்கள். அவர்களில் ஆகப் பெரிய பங்கு மோட்டார் சைக்கிளில் போனவர்கள். எங்கள் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானில் ஓடித் தேய்ந்து வந்தவை. அந்த நாட்டின் விதிகளோ, தனியான பிரகாசமான பகல் விளக்கை 2016 ஒக்ரோபரில்தான் அனுமதித்தன. ஆகவே இங்கே ஓடும் பழைய கார்களில் தானாக எரியும் விளக்கை அதிகம் காண முடியாது. 2020 முதல் ஐந்து ஆண்டுகள் வாகன இறக்குமதியே நின்றிருந்தது. இப்போது புதிதாக இறங்குபவற்றில் அது கண்ணுக்குப் படுகிறது. புருவம் போல வெள்ளைக் கோடு.

என்னைப் போல் முன்விளக்கையே பகலில் போடுவது அவ்வளவு சிக்கனமல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய ஹலஜன் விளக்கு இரண்டும் பின்விளக்குகளும் சேர்ந்து நூறு வாற்றுக்கு மேல் குடிக்கும். தனியான எல்ஈடி பகல் விளக்குக்கு அதில் சிறு பங்கு போதும். 2022இல் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் காய்ந்தவர்களிடம் இதை மறைத்துப் பேசக்கூடாது. புதிய விளக்கிலும் ஒரு குறை உண்டு. முன்னால் எரிவதைப் பார்த்துவிட்டு, பொழுதுபட்ட பின்னும் எல்லா விளக்கும் எரிகிறதென்று நம்பிப் பின்விளக்கில்லாமல் ஓடுகிறவர்கள். கனடாவில் இந்தத் தொல்லை பெருகி, 2021 செப்டம்பருக்குப் பின் உற்பத்தியாகும் வாகனங்களுக்குத் தனி விதி செய்தார்கள்.

இவையெல்லாம் பொறியியலாளர் தீர்க்கக்கூடியவை. எனக்கு இன்னும் விடை கிடைக்காத கேள்வி சைக்கிள்காரரைப் பற்றியது. கார் எல்லாம் விளக்கோடு வந்தால், விளக்கில்லாத சைக்கிளும் நடந்துபோகிறவரும் இன்னும் மங்கிப் போகமாட்டார்களா? ஐரோப்பாவில் சைக்கிள் சங்கங்களும் மோட்டார் சைக்கிள் சங்கங்களும் இதைச் சொல்லித்தான் எதிர்த்தன. ஒஸ்ரியா 2005இல் கொண்டுவந்த பகல் விளக்குச் சட்டத்தை 2008 ஜனவரியில் கைவிட்டது. அங்கே சொல்லப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று. ஸ்ரொக்ஹோமில் இது வெறும் வாதமாக இருக்கலாம். விடியற்காலையில் மரக்கறிக் கடகத்தைக் கரியரில் கட்டிக்கொண்டு திருநெல்வேலிச் சந்தைக்கு மிதிக்கிற கிழவர் இருக்கிற ஊரில் அது வாதமல்ல. ஆகவே என்னைக் கேட்டால், சட்டம் மோட்டார் சைக்கிளில் தொடங்க வேண்டும். விளக்கு எரிந்தால் முதலில் பிழைப்பது அதை ஓட்டுபவன்தான். அதன் பிறகு இறக்குமதியாகும் கார்கள். பழைய கார்க்காரரைக் கட்டாயப்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. ரிப்பர்களும் சில இளைஞர்களும் பொருத்திக்கொண்டு திரிகிற, கண்ணைப் பறிக்கும் வெள்ளை விளக்குகளைக் கழற்றுவிப்பது இவை எல்லாவற்றுக்கும் முந்தியது. அவை காட்டுவதைவிடக் குருடாக்குவதே அதிகம்.

பையன் இப்போது நலம். கால் சற்று இழுத்து நடப்பான், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். திருமணமும் ஆகிவிட்டது. அழைப்பிதழ் கொடுத்தான், போனேன். அவனுடைய தாயார் அன்றுதான் முதல்முதலாக என்னோடு பேசினார். "சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றார்.

சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் கார் அசையவில்லை. வந்து நிறுத்திய அவசரத்தில் விளக்கை நூர்க்க மறந்து பற்றறி செத்துப் போயிருந்தது. பந்தலில் நின்ற நாலைந்து இளைஞர்கள் தள்ளிவிட்டார்கள். அவர்களில் ஒருவன் மூச்சு வாங்கியபடி, "ஐயா, பகலிலை ஏன் லைற்றைப் போட்டுக்கொண்டு திரியிறியள்?" என்று கேட்டான். மாப்பிள்ளை மணவறையில் இருந்தான், அவனைக் கேட்டால் சொல்லுவான் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். இயந்திரம் பிடித்துக்கொண்டது. வீதிக்கு ஏறியதும் ஆளியைத் திருப்பினேன். சந்தி திரும்புவதற்குள் எதிரே வந்த ஒருவர் கையை எடுத்து, விரல்களைக் குவித்து விரித்தார்.